சங்கப் பணத்தில் கை வைத்தால் கணக்கில் எப்படித் தெரியும்?

மாசி மகத் தீர்த்தவாரிக்கு வீட்டு வரி வசூலிக்கும் கடலோர ஊர்ப் பஞ்சாயத்து, பண்ருட்டிப் பக்கம் வாராவாரம் கூலி கொடுக்கும் முந்திரி ஆலை, லாஸ்பேட்டையில் 40 வீட்டு அடுக்ககம், நெல்லிக்குப்பத்தில் 15 பேர் சேர்ந்த மகளிர் குழு. ஒவ்வொரு இடத்திலும் கணக்கு நோட்டு ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஆனால் எங்கே கையாடல் நடந்தாலும் அதன் அடிப்படை ஒன்றுதான்: பணத்தை வாங்குவதும் நோட்டில் எழுதுவதும் பேங்க் பாஸ்புக்கை வைத்திருப்பதும் ஒரே ஆள். இந்த மூன்றில் ஒன்றையாவது வேறு கைக்கு மாற்றிவிட்டால், கீழே சொல்லப்போகும் வழிகளில் பாதிக்கு மேல் அடைபட்டுவிடும்.

"அவரா? தங்கமான மனுஷனாச்சே" என்பது விசாரணைக்கு உதவாத பேச்சு. கெட்ட பெயர் உள்ளவரிடம் யாரும் கல்லாச் சாவியைக் கொடுப்பதில்லை. கையாடல் வழக்கில் சிறையில் இருந்தவர்களை நேரில் பேட்டி கண்ட அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸி, 1953இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று விஷயங்களைக் குறிப்பிட்டார். வெளியே சொல்ல முடியாத நெருக்கடி ஒன்று. யாருக்கும் தெரியாமல் எடுக்க முடியும் என்கிற வாய்ப்பு இன்னொன்று. "திருடவில்லை, கைமாற்றாகத்தான் எடுக்கிறேன், அடுத்த மாதம் வைத்துவிடுவேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் மூன்றாவது. முதலாவதும் மூன்றாவதும் ஒருவர் மனதுக்குள் நடப்பவை; அவற்றைக் கமிட்டி கூட்டித் தடுக்க முடியாது. வாய்ப்பு மட்டும்தான் சங்கத்தின் கையில் இருக்கிறது.

முதலில் ரசீது புத்தகம்

சந்தேகம் வந்ததும் எல்லோரும் செலவுச் சீட்டுகளைத்தான் புரட்டுவார்கள். அது பிறகு. நோட்டுக்கே வராமல் போன பணம் செலவுப் பக்கத்தில் எப்படித் தேடினாலும் கிடைக்காது. வரவிலிருந்து தொடங்குங்கள்.

அச்சகத்தின் பில்லை முதலில் எடுங்கள். 100 தாள் கொண்ட 50 புத்தகம் அடித்திருந்தால் எண்கள் 1 முதல் 5,000 வரை இருக்க வேண்டும். எழுதியது, பாதி எழுதியது, இன்னும் பிரிக்காதது எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே மேசைக்குத் திரும்ப வரவழையுங்கள். ஒரு புத்தகம் குறைந்து, "எங்கேயோ தொலைந்துவிட்டது" என்று பதில் வந்தால் அதுதான் உங்கள் முதல் தடயம். அதோடு, தாளின் அடியில் இருக்கும் அச்சகப் பெயரையும் எழுத்து வடிவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதே எண்களோடு வேறொரு அச்சகத்தில் இரண்டாவது செட் அடித்துக்கொள்வது கடினமான வேலை அல்ல.

அடிக்கட்டை வைத்த ரசீது புத்தகத்தைவிட கார்பன் வைத்த புத்தகம் எவ்வளவோ மேல். அடிக்கட்டை முறையில் கொடுத்தவர் கையில் 1,500, அடிக்கட்டையில் 500 என்று எழுதிவிட முடியும். சங்கத்தில் உட்கார்ந்து எத்தனை முறை கூட்டினாலும் கணக்கு சரியாகவே வரும். இதைப் பிடிக்க ஒரே வழி, கொடுத்தவர் வீட்டுக்குப் போய் அசல் ரசீதைப் பார்ப்பதுதான். 20 பெயரைக் குலுக்கல் முறையில் எடுங்கள். பொருளாளர் சொல்லும் 20 பேரை அல்ல. ரசீதைப் போட்டோ எடுத்து, எண், தேதி, தொகை மூன்றையும் அடிக்கட்டையோடு ஒப்பிடுங்கள். ரத்து செய்ததாகச் சொல்லும் ரசீதுக்கு அசலும் நகலும் இரண்டுமே புத்தகத்தில் இருக்க வேண்டும். அசல் இல்லையென்றால் அது யாரோ ஒருவர் வீட்டுப் பீரோவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கட்டியவர்களைவிட முக்கியமானவர்கள் பாக்கிப் பட்டியலில் இருப்பவர்கள். கட்டியும் வரவு வைக்கப்படாதவர்கள் அங்கேதான் இருப்பார்கள். ஊரில் பாக்கி கேட்டுப் போவது அசிங்கம் என்று நினைத்து யாரும் அந்த வீடுகளுக்குப் போவதில்லை, கையாடல் செய்பவருக்கு அந்தக் கூச்சமே பாதுகாப்பு. "பாக்கி கேட்க வரவில்லை, கணக்குச் சரிபார்க்க வந்தோம்" என்று சொல்லி எல்லா வீட்டுக்கும் போங்கள். அல்லது வீட்டுக்கு வீடு ஒரு சீட்டு கொடுங்கள்: "எங்கள் நோட்டின்படி இந்தத் தேதி வரை உங்கள் பாக்கி இவ்வளவு, தவறு இருந்தால் பத்து நாளில் தலைவரிடம் நேராகச் சொல்லுங்கள்." பொருளாளரிடம் சொல்லுங்கள் என்று அச்சடித்தால் சீட்டு அடித்த காசு வீண்.

இப்போது வசூலில் பாதி போனில்தான் வருகிறது. மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை சங்கக் கணக்குக்குத்தான் போகிறதா என்று வாரம் ஒருமுறை யாராவது 1 ரூபாய் அனுப்பிப் பார்த்து, திரையில் வரும் பெயரைப் படியுங்கள். சங்க அட்டையின் மேல் சொந்த அட்டையை ஒட்டுவதற்கு ஒரு நிமிஷம் போதும். திருவிழாக் கூட்டத்தில் யாரும் பெயரைப் பார்த்துப் பணம் அனுப்புவதில்லை.

ரொட்டேஷன்

ஒருவர் கொடுத்த பணத்தை எடுத்துக்கொண்டு, அடுத்தவர் கொடுக்கும் பணத்தை முன்னவர் பெயரில் வரவு வைத்து மறைப்பதுதான் ரொட்டேஷன். கண்டுபிடிக்க அதிக நாள் ஆவதும், கண்டுபிடித்த பிறகும் பலருக்குப் புரியாததும் இதுதான். அதனால் எண்களோடு பார்ப்போம்.

அடுக்ககத்தில் வீட்டுக்கு மாதம் 2,500 ரூபாய். 3ஆம் தேதி 101ஆம் எண் வீட்டார் ரொக்கமாகக் கொடுத்த பணம் பொருளாளரின் சட்டைப்பைக்குப் போகிறது. 9ஆம் தேதி 204ஆம் எண் வீட்டார் கொடுக்கிறார்கள். அதை 101இன் பெயரில் வரவு வைக்கிறார். 16ஆம் தேதி 305 கொடுத்ததை 204இன் பெயரில் எழுதுகிறார். எந்த நாளில் நோட்டைத் திறந்தாலும் ஒரே ஒரு வீடுதான் பாக்கி, அதுவும் சில நாள் தாமதம் மட்டுமே. யாருக்கும் உறுத்தாது. அடுத்த மாதம் இரண்டு வீட்டுப் பணம், பிறகு ஐந்து வீட்டுப் பணம் என்று இது பெருகும். எடுத்தவரே ஒரு கட்டத்தில் எவ்வளவு எடுத்தோம் என்ற கணக்கை விட்டுவிடுவார்.

இதற்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. பாக்கித் தொகை மாதா மாதம் ஏறக்குறைய அதேயாகவோ மெல்ல ஏறியோ இருக்கும். பாக்கிக்காரர் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். உண்மையான பாக்கிக்காரர்கள் அப்படி இல்லை, வழக்கமாகத் தாமதிக்கும் அதே நாலைந்து வீடுகள்தான் திரும்பத் திரும்ப வரும். இரண்டாவது அடையாளம் தேதி இடைவெளி. ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: கொடுத்தவர் ரசீதில் உள்ள தேதி, நோட்டில் வரவு வைத்த தேதி, இடைவெளி நாள். 30 வரவுகளுக்கு எழுதினால் போதும். 0, 1, 0, 2 என்று ஒழுங்கில்லாமல் இருந்தால் கவலை இல்லை. 5, 6, 8, 11 என்று மாதம் போகப்போக நீண்டால் பணம் உருள்கிறது.

ரொட்டேஷன் விடுபவர் ஒரு நாள்கூட இல்லாமல் இருக்க முடியாது. வேறொருவர் வசூல் வாங்கினால் யார் பெயரில் எதை எழுதுவது என்று தெரியாமல் எல்லாம் கலைந்துவிடும். காய்ச்சலோடு வந்து உட்காருவார். தங்கை மகள் கல்யாணத்துக்குக் காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடுவார். ஊரே அதை அர்ப்பணிப்பு என்று பாராட்டும்.

அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தின் டிக்சன் சுமார் 16,000 பேர் வாழும் சிறு நகரம். அதன் கணக்கதிகாரி ரீட்டா கிரண்ட்வெல் 20 ஆண்டுக்கு மேலாக நகராட்சிப் பணத்தில் 5 கோடி டாலருக்கும் மேல் எடுத்தார். ஆண்டுதோறும் தணிக்கை நடந்தும் அது வெளியே வரவில்லை. 2011இல் அவர் நீண்ட விடுப்பில் போனபோது, அவர் வேலையைப் பார்த்த எழுத்தர் நகரத்தின் எல்லாக் கணக்குகளுக்கும் வங்கியில் ஸ்டேட்மென்ட் கேட்டார். யாருக்கும் தெரியாத ஒரு கணக்கு அதில் இருந்தது. கிரண்ட்வெல்லுக்கு 2013இல் 19 ஆண்டு 7 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. பணம் சார்ந்த முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ந்து குறைந்தது 10 வேலை நாள் விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021இல் வங்கிகளுக்கு உத்தரவிட்டதும் இதே காரணத்துக்காகத்தான். சங்கத்துக்கும் இது பொருந்தும்: ஆண்டுக்கு இரண்டு வாரம் நோட்டையும் ரசீது புத்தகத்தையும் வேறொருவர் கையில் கொடுங்கள். பொருளாளர் அந்த நாட்களில் "சும்மா ஒரு உதவிக்கு" வந்து உட்காரக் கூடாது. வந்தால் விடுப்பு கொடுத்ததற்கு அர்த்தம் இல்லை.

பேங்க் கணக்கோடு பொருத்துதல்

பொருளாளர் பிரின்ட் எடுத்துக் கொடுக்கும் ஸ்டேட்மென்டை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். பிடிஎஃப் கோப்பில் எண்ணை மாற்றுவது எளிது. கையெழுத்து அதிகாரம் உள்ள மற்றவர்கள் கிளைக்கு நேரில் போய் முத்திரையோடு வாங்குங்கள். நிரந்தர வைப்பு இருந்தால் ரசீதை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், "இதன் பேரில் கடன் ஏதும் உண்டா, முன்கூட்டி முடிக்கப்பட்டதா" என்றும் எழுத்தில் கேளுங்கள். சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கு மோசடியை 2009 ஜனவரி 7இல் ஒப்புக்கொண்டபோது, ஏட்டில் இருந்த 5,000 கோடி ரூபாய்க்கு மேலான வங்கி இருப்பு நிஜத்தில் இல்லை. தணிக்கையாளர்கள் நிறுவனம் கொடுத்த காகிதத்தை நம்பினார்களே தவிர, வங்கியிடம் நேராக முறையாகக் கேட்டு உறுதி செய்யவில்லை.

பொருத்தும் முறை இது. நோட்டின்படி பேங்க் இருப்பு 1,86,200 என்று வையுங்கள். கொடுத்தும் இன்னும் பணமாகாத செக் 14,500, அதைக் கூட்டுங்கள். போட்டும் இன்னும் வரவாகாத செக் 6,000, அதைக் கழியுங்கள். பேங்கில் 1,94,700 இருக்க வேண்டும். ஸ்டேட்மென்டில் 1,69,700 இருந்தால் 25,000 இடிக்கிறது. இனி நோட்டில் "பேங்கில் கட்டியது" என்ற வரிகளை ஒவ்வொன்றாக ஸ்டேட்மென்டில் டிக் அடித்து வந்தால், எந்த வரிக்கு ஜோடி இல்லை என்று தெரிந்துவிடும். இங்கே ஒரு பொய்யை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள்: "கட்டிவிட்டேன், இன்னும் ஏறவில்லை." செக்குக்கு அது நடக்கும். கவுன்டரில் ரொக்கம் கட்டினால் அன்றே வரவாகும். இரண்டு நாளாக ஏறாத ரொக்கம் கட்டப்படாத ரொக்கம். கட்டிய சலான் நகலைக் கேளுங்கள், முத்திரையில் உள்ள தேதியைப் பாருங்கள்.

இரட்டைக் கையெழுத்து இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கும் சங்கங்களில், தலைவர் வெளியூர் போகும்முன் பத்து வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அங்கே இருப்பது ஒற்றைக் கையெழுத்துதான். பெயர், தொகை, "கணக்கில் மட்டும்" என்ற குறுக்குக் கோடு மூன்றும் இல்லாத செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள்.

செலவுச் சீட்டுகள்

பந்தல், மைக்செட், அன்னதானம், ரிப்பேர். போலிச் செலவு பெரும்பாலும் இவற்றில்தான் ஒளியும், ஏனென்றால் வேலை முடிந்த பிறகு அளந்து பார்க்க எதுவும் மிச்சம் இருக்காது. ஒரே கடையின் பில்களைத் தேதிவாரியாக அடுக்குங்கள். ஏப்ரலில் 212, ஜூனில் 213, ஆகஸ்டில் 214 என்று எண் வந்தால், அந்தக் கடைக்கு உங்கள் சங்கத்தைத் தவிர வேறு வாடிக்கையாளரே இல்லை என்று அர்த்தம். அல்லது பில் புத்தகமே பொருளாளர் வீட்டில் இருக்கிறது.

ஜிஎஸ்டி எண் இருந்தால் எண்ணும் ஆங்கில எழுத்துமாக 15 இடம் இருக்க வேண்டும். முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. கடலூர் மஞ்சக்குப்பம் முகவரி போட்டு 34இல் தொடங்கும் பில் வந்தால் நின்று கேளுங்கள். எல்லைக்கு இரு பக்கமும் கடை வைத்திருப்பவர்கள் உண்டு, ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி எண் வாங்கியிருப்பார்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் எண்ணைத் தட்டினால் கடையின் பெயரும், பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதும் காசில்லாமல் தெரியும். சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி எண் இல்லாதது குற்றம் அல்ல. அங்கே கடைக்காரரையே கேட்டுவிடலாம். கைப்பட எழுதிய வவுச்சரில் 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் பெற்றதாக இருந்தால் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து இருக்க வேண்டும். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஐந்து வேறு பெயர்கள் என்று இருந்தால் சொல்லவே வேண்டாம்.

கூலிப் பட்டியலில் இல்லாத ஆளைச் சேர்ப்பது முந்திரி ஆலை போலத் தினக்கூலி அதிகமுள்ள இடங்களின் வியாதி. ஒரு வாரம் சொல்லாமல் கொள்ளாமல் வேறொருவர் உட்கார்ந்து, ஆளைப் பார்த்துக் கூலி கொடுக்கட்டும். யாரும் வாங்க வராத கவர்கள் மேசையில் மிஞ்சும்.

கையிருப்பை எண்ணுதல்

நாள் குறிக்காமல் போங்கள். ஆரம்ப இருப்பு 12,400, வரவு 38,500, செலவு 21,750, பேங்கில் கட்டியது 25,000 என்றால் பெட்டியில் 4,150 இருக்க வேண்டும். பொருளாளர் எதிரிலேயே, அவர் கையாலேயே எண்ணச் சொல்லி, 500 எத்தனை, 200 எத்தனை என்று நோட்டு வகைவாரியாக எழுதி மூன்று பேர் கையெழுத்திடுங்கள். நீங்கள் எண்ணினால் "நீங்கள் வருவதற்கு முன் சரியாக இருந்தது" என்று பேச்சு வரும். "இன்னாருக்கு 3,000 முன்பணம்" என்று துண்டுச் சீட்டு இருந்தால் அதைப் பணமாக எண்ணாதீர்கள். இல்லாத பணம் என்று தனியே எழுதுங்கள். ஒரே ஆளிடம் இரண்டு சங்கப் பணம் இருந்தால் இரண்டு பெட்டியையும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும், இல்லையென்றால் அதே கட்டு இங்கேயும் அங்கேயும் காட்டப்படும்.

மகளிர் குழுவில் கூடுதலாக ஒன்று. உறுப்பினர்கள் கட்டிய தவணையை ஊக்குநர் (குழுவை நடத்துபவர்) வங்கியில் கட்டாமல் விட்டால், குழுவின் பாஸ்புத்தகத்தில் கைப்பட வரவு வைத்திருக்கலாம். கைப்பட எழுதியதை நம்பாமல் வங்கி அச்சிட்ட கடன் கணக்கைத் தீர்மானப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். தன் பெயரில் தனக்குத் தெரியாத கடன் இருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகப் பெறலாம்.

கண்டுபிடித்த பிறகு

வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். கூட்டத்தில் எழுந்து கத்தாதீர்கள். ஆளைச் சங்க அறையில் உட்கார வைத்து வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவது இருக்கிறதே, அது வழக்கையே கெடுக்கும்: சட்டவிரோதமாக அடைத்து வைத்ததாக உங்கள் மேல் புகார் வரும், மிரட்டி வாங்கிய காகிதம் நீதிமன்றத்தில் நிற்காது.

அன்றே செய்ய வேண்டியவை: எல்லா நோட்டுகளையும் பக்கம் விடாமல் போட்டோ எடுத்து, அசலைக் கட்டி, மூன்று பேர் கையெழுத்திட்டு முத்திரை வையுங்கள். கையெழுத்து அதிகாரத்தை மாற்றித் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு வங்கிக்கு எழுதுங்கள். வங்கியில் பதிவான போன் எண் யாருடையது என்று கேளுங்கள். பிறகு ரசீது எண், தேதி, தொகை, நோட்டில் உள்ளது, இடிப்பது என்று பட்டியல் போட்டு, சம்பந்தப்பட்டவரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். சில இடிப்புகள் நிஜமாகவே கூட்டல் பிழையாக இருக்கும். பிழை இரு பக்கமும் சாயும். கையாடல் ஒரு பக்கம் மட்டுமே சாயும்.

பணத்தைத் திருப்பிக் கட்டினால் வாங்கிக்கொள்ளலாம், ரசீதும் கொடுக்கலாம். ஆனால் அதனால் குற்றம் மறையாது. வழக்கு பதிவான பிறகு சமரசம் என்றால், அதற்கு இடமுள்ள பிரிவுகளில்கூட நீதிமன்ற அனுமதி வேண்டும்.

காவல் நிலையத்தில் "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பப்படும் புகார்களைப் பார்த்தால், பெரும்பாலானவை "ஏமாற்றிவிட்டார், பணம் தரவில்லை" என்று தொடங்கியிருக்கும். நம்பிக்கை மோசடிக்கு இரண்டு விஷயம் வேண்டும்: பணம் ஒரு வேலைக்காக ஒப்படைக்கப்பட்டது, அதை அவர் நேர்மையின்றித் தன் பயனுக்கு எடுத்துக்கொண்டார். புகாரின் முதல் பத்தியே ஒப்படைப்பாக இருக்கட்டும்: எந்தத் தேதித் தீர்மானத்தில் அவர் பொருளாளர் ஆனார், எந்த ரசீது புத்தகங்களைக் கையெழுத்திட்டு வாங்கினார், பணத்தை என்ன செய்ய வேண்டும் என்று விதி சொல்கிறது. இரண்டாவது பத்தியில் பட்டியல். மூன்றாவதில் விளக்கம் கேட்டதும் வந்த பதிலும். கைமாற்றாகக் கொடுத்த கடன் இந்தக் கணக்கில் சேராது.

2024 ஜூலை 1 முதல் நடந்தவற்றுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா. பிரிவு 316இல் பொதுவான நம்பிக்கை மோசடிக்கு 5 ஆண்டு வரை, எழுத்தரோ பணியாளரோ செய்தால் 7 ஆண்டு வரை, அரசு ஊழியர், வங்கியாளர், முகவர் செய்தால் 10 ஆண்டு வரை அல்லது ஆயுள் தண்டனை. கணக்கைத் திருத்தி எழுதியதற்குப் பிரிவு 344 தனியே உண்டு, அதுவும் 7 ஆண்டு வரை. அந்தத் தேதிக்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 405 முதல் 409 வரையும் 477ஏயும். கையாடல் இரண்டு காலத்திலும் நடந்திருந்தால் பட்டியலையும் இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள்.

கடலூரில் வசூலித்துப் புதுச்சேரியில் கணக்குக் கொடுக்க வேண்டிய ஏஜென்ட் வழக்குகளில் எல்லைச் சண்டை வரும். பணம் பெற்ற இடம், வைத்திருந்த இடம், கணக்குக் கொடுக்க வேண்டிய இடம் எதிலும் விசாரிக்கச் சட்டம் இடம் தருகிறது. எந்த நிலையமும் எல்லையைக் காட்டிப் புகாரை மறுக்க முடியாது. நிலையத்தில் பதிய மறுத்தால் எழுத்தில் காவல் கண்காணிப்பாளருக்கு, அதன் பிறகு மாஜிஸ்திரேட்டுக்கு. கூட்டுறவுச் சங்கம் என்றால் போலீசோடு நிறுத்தாமல் பதிவாளருக்கும் மனு கொடுங்கள். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983இன் பிரிவு 81இல் விசாரணையும், 87இல் இழப்பை உரியவரிடமே வசூலிக்கும் வழியும் இருக்கின்றன. புதுச்சேரிக்கு 1972ஆம் ஆண்டின் தனிச் சட்டம்.

பணத்தைத் திரும்பப் பெற சிவில் வழக்குப் போட 3 ஆண்டுதான் கெடு. மோசடி மறைக்கப்பட்டிருந்தால் அது தெரிய வந்த நாளிலிருந்து கணக்கு. அதனால் கண்டுபிடித்த தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அந்த போனை அழிக்காமல், விற்காமல் வைத்திருங்கள், மின்னணுப் பதிவு அசல்தான் என்று நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது தேவைப்படும். புதுப் பொருளாளர் பொறுப்பேற்கும் அன்றே வங்கியின் எஸ்எம்எஸ் போகும் எண்ணைத் தலைவருடையதாக மாற்றுங்கள், கியூஆர் அட்டையைப் புதிதாக வாங்குங்கள், பழைய செக் புத்தகத்தில் மிஞ்சிய தாள்களின் எண்ணைக் குறித்து ரத்து செய்யச் சொல்லுங்கள்.